கூரைக்குள் ஒரு கடைத்தெரு



வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிரூட்டிய காற்று பரவ, நடுவில் ஒரு பெரிய முற்றமும், அதனைச் சூழ இரண்டு மூன்று மாடிகளிற் கடைகளும், மாடிக்கு மாடி ஏறிச் செல்ல நகரும் படிக்கட்டுகளுமாக அமைந்த கடைத்தொகுதிகள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் காணப்படுகின்றன. கொழும்பு மாநகரும் இதற்கு விலக்கன்று. 'மோல்' என்னும் ஆங்கிலப் பெயரே தமிழிலும் வழங்கிவிட்ட இக்கட்டிட வகை, காலப் போக்கில் தானாகவே முளைத்த ஒன்றென்று பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. அதற்கு ஊரும் உண்டு, பிறந்த நாளும் உண்டு, பெற்றவரென்று சொல்லத்தக்க ஒருவரும் உண்டு. பெற்றவரே பின்னாளிற் பிள்ளையைத் தம்முடையதன்றென்று கைவிட்ட கதையும் உண்டு.

ஊர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், மினியாப்பொலிஸ் நகரையடுத்த ஈடைனா என்னும் புறநகர். நாள், 1956ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 8ஆம் திகதி. அன்று திறந்துவைக்கப்பட்ட கடைத்தொகுதிக்குச் 'சவுத்டேல்' என்று பெயர். கடைகள் பலவற்றை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் முயற்சிகள் அதற்குமுன்னரும் ஆங்காங்கு இருந்தனவாயினும், பின்வந்தோர் அனைவரும் பார்த்து எழுதிய சட்டம் சவுத்டேலேயாம். அதனை வரைந்தவர் விக்ரர் குறூவன் என்னும் கட்டிடக் கலைஞர்.

குறூவன் அமெரிக்கர் அல்லர். 1903ஆம் ஆண்டு, ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். பிறந்தபோது இட்ட குடும்பப் பெயர் குறூன்பௌம். பகலிற் கட்டிடக் கலையும் இரவில் நாடக மேடையுமாக அவர் இளமை கழிந்தது. அரசியலை எள்ளி நகையாடும் சிறு நாடகக் குழுக்கள் அந்நாளில் வியன்னாவிற் பிரசித்தி பெற்றிருந்தன. அவற்றில் எழுதியும் நடித்தும் வந்தார். 1938ஆம் ஆண்டு ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுட் புகுந்தன. யூதராகவும் சோஷலிசவாதியாகவும் இருந்த ஒருவருக்கு அதன்பின் அங்கே இடமில்லை. அவ்வாண்டிலேயே நாட்டைவிட்டு நீங்கி நியூயோர்க் நகரை அடைந்தார். வியன்னாவிலிருந்து ஓடிவந்த அகதிக் கலைஞர்களைக் கூட்டி 1939இல் அந்நகரின் நாடக அரங்கொன்றில் நிகழ்ச்சி நடத்தியதும், அதே ஆண்டில் ஐந்தாம் நிழற்சாலையில் ஒரு தோற்பொருட் கடையின் முகப்பை நூதனமாக அமைத்துப் பேர் பெற்றதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மேடைக்காரர் கடை முகப்பமைப்பதில் வல்லவரானது வியப்பன்று. தெருவிற் போகிறவனை ஒரு கணம் நிற்கவைத்துப் பார்க்கச் செய்வது இரண்டுக்கும் பொதுவான வித்தைதானே.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்து அமெரிக்காவை இங்கு சற்று நினைவிற் கொள்ளவேண்டும். போர்முனையிலிருந்து மீண்ட இலட்சக்கணக்கான இளைஞர் குடும்பமாயினர். அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. அரசாங்கம் கடனுக்குப் பொறுப்பு நின்றது; நகரைச் சூழ்ந்த விளைநிலங்கள் வீட்டுக் காணிகளாகப் பிரிக்கப்பட்டன; மோட்டார் வண்டி சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டியது. ஈடைனாவின் சனத்தொகை 1950இற் பதினாயிரத்துக்கும் குறைவு; 1960இல் 28,000ஐத் தாண்டிவிட்டது. வீடுகள் வந்தன, ஊர் வரவில்லை. சந்தியில்லை, சந்தையில்லை, நாலுபேர் நின்று பேசத் திண்ணையில்லை. கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபின், அடுத்த வீட்டுக்கு அப்பால் எங்கும் நடந்து போகமுடியாத நிலையில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர். வியன்னாவின் தெருக்களிலும் கோப்பிக் கடைகளிலும் வளர்ந்த குறூவனின் கண்ணுக்கு இது பெருங் குறையாகப் பட்டது. பெருஞ் சாலைகளின் இருமருங்கும் விளம்பரப் பலகைகளோடு தாறுமாறாக நீண்டு கிடந்த கடைவரிசைகளை அவர் வெறுத்தார். பண்டைக் கிரேக்கர் பொதுவிடத்திலும், இடைக்கால ஐரோப்பிய நகரங்களின் சந்தை முற்றத்திலும் வாணிகமும் பேச்சும் கலையும் கூடியிருந்தது போல, புறநகர் மக்களுக்கும் ஒரு கூடுமிடத்தை அமைத்துக் கொடுக்கலாமென்றும், அதற்கான செலவை வியாபாரிகளே தருவார்களென்றும் அவர் கருதினார். அவர் வாழ்க்கையின் வெற்றியும் தோல்வியும் இக்கருத்தினுள்ளேயே அடங்கியிருந்தன.

1954இல் டெற்றோயிற் நகரையடுத்து அவர் அமைத்த 'நோர்த்லாந்து' திறந்தவெளிக் கடைத்தொகுதியாகும். நடுவிற் பெருங்கடை, சுற்றிலும் சிறு கடைகள், இடையிடையே மரங்களும் சிற்பங்களும் கொண்ட முற்றங்கள் என அஃது அமைந்தது. ஆனால் மினியாப்பொலிஸ் நகரத்தின் சீதோஷ்ணநிலை வேறு. அங்கே கோடையில் வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேலே செல்லும். மாரிக்காலத்து இரவுகளிற் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டி இறங்குவதுண்டு. பனி மூடிய தரையிற் கடை கடையாக ஏறியிறங்க யார் வருவார்? மினியாப்பொலிஸ் நகரின் முதன்மையான பெருங்கடையை நடத்திவந்த டேய்ற்றன் குடும்பத்தார், தம் வாடிக்கையாளர் புறநகர்களுக்குக் குடிபெயர்வதைக் கண்டு, தாமும் அங்கே கடை திறக்க எண்ணிக் குறூவனை அழைத்தனர். முழுவதையும் மூடிக் கூரையிட்டு, மாரியிற் சூடாக்கியும் கோடையிற் குளிர்வித்தும், ஆண்டு முழுவதும் ஒரே இளவேனிலாக வைத்திருக்கலாம் என்று அவர் சொன்னார். 1952இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்காண்டுகளின் பின், ஏறத்தாழ 2 கோடி டொலர் செலவில், 8 இலட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில், 72 கடைகளோடு சவுத்டேல் எழுந்தது. சுற்றிலும் 5,200 வண்டிகள் நிற்கத் தரிப்பிடம்.

அதன் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்வது தகும். ஏனெனில் இன்று பார்க்கும் கடைத்தொகுதிகளின் இலக்கணம் முழுவதும் அங்கே இருக்கிறது. அதுவரை கடை என்றால் முகப்பு தெருவைப் பார்க்கும். சவுத்டேலின் கடைகளோ உள்ளே பார்த்தன. வெளிப்புறம் பெரும்பாலும் வெறுஞ் சுவர். ஒரு தொகுதிக்கு ஒரு பெருங்கடை என்றிருந்த வழக்கத்தை மாற்றி, டேய்ற்றன் கடையையும் அதன் போட்டிக் கடையாகிய டொனால்ட்சன் கடையையும் ஒரே கூரையின் கீழே இருக்கச் செய்தனர். போட்டிக்காரனைத் தன் காணியிற் குடியிருத்துவது பேதைமையென்று தோன்றலாம். ஒன்றைப் பார்த்து விலை ஒப்பிட மற்றொன்றுக்குப் போகிறவர் இடையிலுள்ள சிறு கடைகளையெல்லாம் கடந்தே போகவேண்டும் என்பதை எண்ணினால் அதன் சூட்சுமம் விளங்கும். நீளமாக ஒரு மாடி கட்டினால் நடந்து களைப்பர். ஆகவே கடைகளை இரண்டு மாடிகளில் அடுக்கி, இடையே நகரும் படிக்கட்டு வைத்தனர். மேல்மாடிக்கு மக்கள் ஏறமாட்டார்களே என்ற வியாபாரிகளின் அச்சத்துக்கும் ஓர் உபாயம் கண்டனர். தரிப்பிட நிலத்தைச் சரிவாக அமைத்து, சிலர் கீழ்மாடியிலும் சிலர் மேல்மாடியிலும் நேரே நுழையும்படி செய்தனர். பண்டங்கள் ஏற்றிவரும் லொறிகள் நிலத்துக்கடியிலுள்ள பாதையால் வந்து போயின. வாங்குவோர் கண்ணில் அவை படுவதேயில்லை. உள்ளே எப்போதும் ஒரே வெப்பநிலையாதலால் சிறு கடைகளுக்குத் தனிக் கதவும் தேவையில்லாது போயிற்று. உள்ளே போகிறோம் என்ற எண்ணமே இன்றி வாடிக்கையாளர் உள்ளே போய்விடுவார்.

நடுவிலே பூங்கா முற்றம். உயர்ந்த கூரையின் மேற்சாளரங்களால் பகலொளி விழ, வெப்பநாட்டுச் செடிகளும் மீன் குளமும், 20 அடிக்கு மேல் உயர்ந்த பறவைக் கூடும், உணவருந்தும் மேசைகளும் அங்கே இருந்தன. ஹரி பேர்ட்டோயா என்னும் சிற்பி செய்த 'பொன் மரங்கள்' இரண்டு மாடியளவு உயர்ந்து நின்றன. வெளியே உறைபனி பெய்ய, உள்ளே பறவைகள் பாட, மேற்சட்டையைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி உலாவிய மக்களின் படங்களை அமெரிக்கச் சஞ்சிகைகள் ஆர்வத்தோடு வெளியிட்டன.

எல்லாரும் வியந்தனர் என்று சொல்லமுடியாது. அந்நாட்டின் தலைசிறந்த கட்டிடக் கலைஞராகிய பிறாங் லொயிட் றைற், எண்பது வயதைக் கடந்தவர், அதே ஆண்டு நவம்பரில் வந்து பார்த்து, கிராமத் தெருவின் குற்றமெல்லாம் இங்குண்டு, அதன் அழகு மட்டும் இல்லை என்னும் பொருள்படப் பேசிவிட்டுப் போனார். நகரைக் கலைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஏக்கர் கொடுத்துப் பரவி வாழச் சொன்னவரும் இதே றைற் என்பதை மறக்கலாகாது. மோட்டார் வண்டியின்றி வாழமுடியாத ஊரைக் கனவு கண்டவர், அவ்வூருக்கு வேண்டிய கடைத்தெருவைக் குறை சொல்வது அத்துணைப் பொருத்தமன்று.

ஆயினும் அவர் குறை கூறியது வெறுமனே தள்ளிவிடத் தக்கதுமன்று. குறூவன் வரைந்த படத்தில் இருந்தது வேறு, கட்டப்பட்டது வேறு. முதல் திட்டம் 463 ஏக்கருக்கு எழுதப்பட்டது. கடைத்தொகுதி அதன் ஒரு பகுதியே. சூழவுள்ள நிலத்தில் வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், பாடசாலைகள், மருத்துவ நிலையம், பூங்கா, ஏரி யாவும் ஒழுங்குபட அமையவேண்டும் என்பதும், கடைத்தொகுதி அந்த ஊரின் சந்தை முற்றமாக விளங்கவேண்டும் என்பதும் அவர் எண்ணம். கடைத்தொகுதி எழுந்ததும் சுற்றுப்புற நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலைக்கு விற்பதே இலாபமாயிற்று. 1965இல் அயலில் ஒரு மருத்துவமனை வந்தது. கந்தோர்களும் வீடுகளும் பிற்காலத்தில் வந்தன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகமுடியாதபடி நடுவே அகன்ற சாலைகளும் தரிப்பிடங்களும் கிடந்தன. ஊருக்கு நடுவே முற்றம் என்றிருந்தது, முற்றம் உண்டு ஊர் இல்லை என்றாகிவிட்டது.

பின்வந்தோருக்கு அந்த முற்றமே போதுமாயிருந்தது. அரசாங்கத்தின் இரண்டு செயல்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. 1954இல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டு, புதுக் கட்டிடத்தின் தேய்மானக் கழிவை முதற் சில ஆண்டுகளிலேயே பெருமளவிற் கணக்கிட்டு வரியைக் குறைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. நகர நடுவிலுள்ள பழங் கடையைச் செப்பனிடுபவனுக்கு இச்சலுகை இல்லை. வெறுங் காணியிற் புதிதாகக் கட்டுபவனுக்கே கிடைத்தது. இலாபம் தராத கடைத்தொகுதியும் வரிக் கணக்கில் இலாபந் தரலாயிற்று. 1956இல் மாநிலங்களுக்கிடையிலான பெருஞ்சாலைச் சட்டம் நிறைவேறி, அச்சாலைகளின் சந்திப்புத்தோறும் கடைத்தொகுதிக்கு ஏற்ற காணி பிறந்தது. டேய்ற்றன் குடும்பத்தாரே மினியாப்பொலிசைச் சூழ 1962இல் புறூக்டேல், 1969இல் றோஸ்டேல், 1974இல் றிட்ஜ்டேல் என்று வரிசையாக எழுப்பினர். நாடெங்கும் எழுந்தவற்றை எண்ணிச் சொல்லல் வேண்டா. பறவைக் கூட்டையும் சிற்பத்தையும் வீண் செலவென்று கழித்துவிட்டு, பெருங்கடை இரண்டு, நடுவே நீண்ட நடை, சுற்றிலும் தார் வெளி என்ற சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இக்கடைத்தெருவினால் மக்கள் பெற்ற நன்மையைச் சிறிதாக்கிப் பேசுவது நியாயமாகாது. உறைபனியில் வழுக்கி விழும் அச்சமின்றி முதியோர் காலையில் உலாவவும், கைக்குழந்தையோடு தாய்மார் ஆறுதலாக நடக்கவும், இளைஞர் நண்பரைச் சந்திக்கவும் இடங்கிடைத்தது. ஆனால் யாருக்குக் கிடைத்தது என்பதையும் கேட்கவேண்டும். ஈடைனாவின் பெயர்பெற்ற குடியிருப்பு வட்டாரமொன்றில், 1920களில் எழுதப்பட்ட காணி உறுதிகள், வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருத்தலாகாது என்று விதித்தன. அத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்த்தது. மினசோட்டா 1953இற் புதிதாக எழுதுவதைத் தடைசெய்தது. சட்டம் மாறினும் அயல் உடனே மாறவில்லை. நகர நடுவின் கடைத்தெருவுக்கு பஸ் ஏறி எவரும் போகலாம். வண்டி வைத்திருப்போரையே எதிர்நோக்கிய இடத்துக்குப் போகிறவர் தாமாகவே தெரிந்தெடுக்கப்பட்டுவிடுகிறார்.

இன்னுமொரு வேற்றுமை, நாட்செல்லச் செல்லவே தெரியவந்தது. தெரு பொதுமக்களுக்குரியது, கடைத்தொகுதியின் நடை ஒரு கம்பனிக்குரியது. மிலான் நகரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதியும் மூடிய கடைத்தெருதான். ஆனால் அதன் வாயில்களுக்குக் கதவில்லை. இரவும் பகலும் நகரத்துத் தெருவாகவே அது திறந்து கிடக்கிறது. சவுத்டேலுக்கும் அதன் வழிவந்தவற்றுக்கும் கதவுண்டு, நேரமுண்டு, காவலாளியுண்டு. அங்கே ஒருவன் துண்டுப் பிரசுரம் கொடுக்கலாமா? தொழிலாளர் பதாகை பிடித்து நிற்கலாமா?

இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பென்சில்வேனியாவில் ஒரு கடைத்தொகுதியில் மறியல் செய்த தொழிற்சங்கத்தினர் சம்பந்தமாக 1968இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கடைத்தொகுதி ஊரின் வணிக வீதி போன்றதே, ஆகவே மறியலை முற்றாகத் தடுக்கமுடியாது என்றது. நான்காண்டுகள் கழிந்தன. ஒறகன் மாநிலத்துப் போட்லாந்து நகரில், வியற்நாம் யுத்தத்துக்கு எதிரான பிரசுரங்களைக் கடைத்தொகுதியொன்றிற் கொடுத்தோரின் வழக்கு வந்தது. இது தனியார் காணி, உரிமையாளர் வெளியேற்றலாம் என்று 1972இல் தீர்ப்பாயிற்று. 1976இல் பழைய தீர்ப்பு இனிச் செல்லாதென்றே சொல்லப்பட்டது. மாநிலங்கள் விரும்பினாற் தத்தம் அரசியலமைப்பின்கீழ்க் கூடுதலான உரிமை வழங்கலாமென்று 1980இல் ஒரு வாசல் திறந்துவிடப்பட்டது. கலிபோனியா அவ்வாசலால் நுழைந்தது. சவுத்டேலைப் பெற்ற மினசோட்டா நுழையவில்லை. விலங்கின் மென்மயிர்த் தோல் விற்பனையை எதிர்த்து, அம்மாநிலத்தின் மிகப் பெரிய கடைத்தொகுதியாகிய 'மோல் ஒவ் அமெரிக்கா'வில் 1996ஆம் ஆண்டு நின்றவர்களுக்கு அங்கே நிற்க உரிமையில்லையென்று மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்த்தது. ஊரின் கூடுமிடமாகுமென்று தொடங்கியது, கூடுகிறவர் என்ன பேசலாமென்று காணிக்காரன் சொல்லும் இடமாக முடிந்தது.

குறூவனின் பிற்காலத்தைச் சொல்லாவிடிற் கதை நிறைவுறாது. சவுத்டேல் திறந்த அதே 1956இல், டெக்சாஸ் மாநிலத்துப் போட் வேர்த் நகர நடுவிலிருந்து மோட்டார் வண்டிகளை முற்றாக நீக்கி, மக்கள் நடந்து திரியும் இடமாக்கும் திட்டமொன்றை அவர் வெளியிட்டார், அது நிறைவேறவில்லை. 1959இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம், அவரது ஆலோசனையின் ஒரு பகுதியை ஏற்று, தன் பிரதான வீதியொன்றை நடப்போர்க்கு மட்டுமென ஒதுக்கியது. புறநகரின் சூத்திரம் நகர நடுவைக் காலியாக்குவதை அவர் கண்டுகொண்டு, அதே நகர நடுவைக் காக்க எழுதியும் பேசியும் அலைந்தார். 1968இல் வியன்னாவுக்கே மீண்டார். ஆனால் அவருக்கு முன்னரே அவரது சூத்திரம் ஐரோப்பாவைச் சென்றடைந்திருந்தது. 1976இல் வியன்னாவின் தெற்கு எல்லையை அடுத்துப் பெரியதொரு கடைத்தொகுதி திறக்கப்பட்டது. தாம் இளமையில் உலாவிய தெருக்களின் சிறு வியாபாரிகளுக்கு அது கேடாகுமே என்று அவர் கவன்றார். 1978இல் இலண்டனிற் பேசியபோது, தம்மைக் கடைத்தொகுதிகளின் தந்தையென அழைப்பதை மறுத்து, முறைதவறிப் பிறந்த அவற்றுக்குத் தாம் ஜீவனாம்சங் கொடுக்கப்போவதில்லை என்னுங் கருத்துப்படக் கடுமையாகச் சொன்னார். 1980ஆம் ஆண்டு பெப்ரவரியில் வியன்னாவிற் காலமானார். வாடிக்கையாளர் வந்த காரியத்தை மறந்து மயங்கி வாங்கத் தொடங்கும் கணத்துக்குக் 'குறூவன் மாற்றம்' என்று வியாபார உலகம் அவர் பெயரையே சூட்டிவைத்திருக்கிறது. அவர் விரும்பிக் கேட்ட பெருமையன்று அது.

சவுத்டேல் இன்றும் இருக்கிறது. அதன் தங்கைகளில் ஒன்றாகிய புறூக்டேல் 2010இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1992இல், மோட்டார் வண்டியிற் சிறிது நேரத்தில் அடையக்கூடிய புளூமிங்ரனில், பலமடங்கு பெரிய 'மோல் ஒவ் அமெரிக்கா' திறந்தபோது சவுத்டேலின் நாள் முடிந்ததென்றே கருதினர். டொனால்ட்சன் என்ற பெயர் 1980களில் மறைந்தது. டேய்ற்றன் என்ற பெயர்ப்பலகை 2001இலும், அதற்குப் பதிலாக வந்த பெயர் 2006இலும் இறக்கப்பட்டன. பெருங்கடைகள் வெறுமையாகும் காலம் வந்தது. இணையவழி வாணிகம் அதனை விரைவுபடுத்தியது. பின்னர் நிகழ்ந்ததுதான் விந்தை. 2010களில், ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கென விடப்பட்ட தார் வெளியின் ஒரு மூலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அடுத்து ஒரு விடுதி வந்தது. மூடப்பட்ட பெருங்கடையொன்றின் இடத்தில் 2019இல் உடற்பயிற்சி நிலையமும் அதனோடு சேர்ந்த பணியிடமும் திறக்கப்பட்டன. அறுபதாண்டுக்கு முன் படத்தில் வரைந்து, பின் நிலத்தின் விலைக்காகக் கைவிட்ட வீடுகள், அதே நிலத்தின் விலைக்காகவே இப்போது ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பறவைக் கூடு எப்போதோ அகற்றப்பட்டுவிட்டது. மேலே ஏறும் படிக்கட்டின் அருகே பேர்ட்டோயாவின் பொன் மரங்கள் இரண்டும் நிற்கின்றன.